தரங்கம்பாடிக்கு ரெண்டு டிக்கெட்

மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்ததும் கண்டக்டர் வந்தார். இவரை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. "திருக்கடையூர் ரெண்டா சார்?" என்று கேட்டுக்கொண்டே மெஷினைத் தட்டப் போய்விட்டார்.

"தரங்கம்பாடி" என்றார் இவர்.

"அப்படியா? அறுபதாம் கல்யாணமோன்னு நெனச்சேன்."

இவருக்கு 58. தலை முழுக்க நரை, டை அடிக்கும் பழக்கம் கிடையாது. முப்பது வருஷத்துக்கு மேல் வெயிலில் மின்கம்பம் ஏறி இறங்கிய உடம்பு என்பதால் பார்ப்பவர்கள் இரண்டு மூன்று வயது கூட்டித்தான் சொல்வார்கள். அதனால் கண்டக்டர் மேல் தப்பில்லை. "இல்லைங்க, சும்மாதான் போறோம்" என்றேன்.

அப்படிச் சொன்ன பிறகுதான் யோசித்தேன். கல்யாணமாகி 28 வருஷம். பழனிக்குப் போயிருக்கிறோம், மொட்டை. குருவாயூர் போயிருக்கிறோம், மகளுக்குச் சோறூட்டல். கொழுந்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம், நாத்தனார் மகன் நிச்சயதார்த்தம், ஓசூரில் மகனுக்கு வீடு பார்த்தது. ஒரு காரியம் இல்லாமல், கூட ஒரு ஆள் இல்லாமல், சும்மா என்று ஒரு ஊருக்கு நாங்கள் போனதே இல்லை.

போக முடியாமல் இருந்ததற்கும் காரணம் உண்டு. மாமியார் நாலு வருஷம் படுக்கையில் இருந்தார். நான் பள்ளிக்கூடம் போகும்போது இவர் வீட்டில் இருப்பார், இவர் டூட்டிக்குப் போகும்போது நான். வாசற்படியில் சாவியை மாற்றிக்கொள்ளும் வாட்ச்மேன்கள் மாதிரிதான் குடும்பம் ஓடியது. போன புரட்டாசியில் அவர் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு சாயங்காலம் ஆனால் நாங்கள் இருவரும் ஹாலில் உட்கார்ந்திருப்போம், அடுத்து யார் எழுந்து அந்த அறைக்குப் போவது என்று உடம்பு தானாகக் கணக்குப் போடும். அறை காலி.

மகள்தான் கோவையிலிருந்து போன் பண்ணி, "ரெண்டு பேரும் எங்கயாச்சும் போயிட்டு வாங்கம்மா, நான் ரூம் போடுறேன்" என்றாள். இவர் ஊட்டி வேண்டாம், குளிர் என்றார். கொடைக்கானல், கூட்டம் என்றார். கடல் என்றதும் ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமைக்கு ஒரு சி.எல். எழுதிக் கொடுத்தேன்.

திருவெறும்பூரில் காலை ரயில். பூதலூர், தஞ்சாவூர், கும்பகோணம், ஆடுதுறை, குத்தாலம். மாசி மாதம் டெல்டாவைப் பார்ப்பதே தனி. சம்பா அறுத்து முடித்த வயலில் உளுந்தும் பயறும் முளைத்து, அறுத்த தாள்களுக்கு நடுவே பச்சைப் புள்ளி வைத்தாற்போல் இருக்கும். நான் வயலைப் பார்த்தேன், இவர் ரயிலுக்குப் பக்கத்தில் ஓடும் எச்.டி. (உயர் அழுத்த மின்சார) லைனைப் பார்த்தார். "இங்க ஜம்பர் புதுசா மாத்திருக்கான்" என்றார். "அப்படியா?" என்றேன். இந்த "அப்படியா"வில் எனக்கு 28 வருஷத் தேர்ச்சி.

ஒரு காலத்தில் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கே ரயில் போயிற்று. 1926ல் போட்ட மீட்டர் கேஜ் பாதை, 1980களில் நிறுத்திவிட்டார்கள். இப்போது செம்பனார்கோயில், ஆக்கூர் வழியாக பஸ்தான். திருக்கடையூரில் பாதி பஸ் காலியாயிற்று. நிறுத்தத்தில் பார்த்தால் மாலையும் கழுத்துமாக நாலைந்து தாத்தா பாட்டிகள், பின்னால் பட்டுப்பாவாடைப் பேத்திகள், வேனிலிருந்து இறங்கும் சீர்வரிசைத் தட்டுகள். அறுபது, எழுபது, எண்பது என்று வயசுக்கு ஒரு சாந்தி அங்கே. "இன்னும் ரெண்டு வருஷத்துல நம்மளும் இங்கதான் டீச்சர்" என்றார் இவர். கல்யாணமான புதிதில் கிண்டலுக்கு என்னை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தது, பிறகு அதுவே பெயராகிவிட்டது.

தரங்கம்பாடியில் இறங்கி ராஜ வீதிக்குள் நடந்தோம். வீதியின் வாயிலில் டேனிஷ்காரர்கள் 1792ல் கட்டிய வெள்ளைக் கோட்டை வாசல் நிற்கிறது. அதைத் தாண்டியதும் ஊரின் சத்தம் சட்டென்று அடங்கிவிடும். நேராக ஒரு தெரு, இரண்டு பக்கமும் தூண் வைத்த பழைய வீடுகள், மாதா கோயில், பள்ளிக்கூடம், தெருவின் முடிவில் கடல். அவ்வளவுதான் ஊர். அந்தத் தெருவில் நடக்கும்போது முதல் முறையாக இவர் கரண்ட் போஸ்ட்டைப் பார்க்காமல் வீட்டைப் பார்த்தார். கூரையைக் காட்டி, "மெட்ராஸ் டெரஸ். செங்கலும் சுண்ணாம்பும். கம்பி கெடையாது" என்றார்.

எங்கள் அறையும் அப்படி ஒரு பழைய வீட்டில்தான். பையை வைத்துவிட்டு இவர் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? எல்லா சுவிட்சையும் போட்டுப் பார்த்தது. கீஸர் பிளக்கில் டெஸ்டரை வைத்தார் (ஆமாம், டெஸ்டரோடு வந்த மனிதர்), உதட்டைப் பிதுக்கினார், ரூம் பையனைக் கூப்பிட்டு எர்த் பற்றி ஒரு பாடம் எடுத்தார். அந்தப் பையன் "சரிங்க சார், சரிங்க சார்" என்று சொன்ன விதத்தைப் பார்த்து, எங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள்.

பிறகு இரண்டு பேரும் கட்டிலின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தோம். மணி மூன்று. அடுப்பு இல்லை, நோட்டு திருத்த வேண்டியதில்லை, மருந்து கொடுக்க வேண்டிய ஆள் இல்லை. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைச் சாப்பிட்டோம். அதையும் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டோம். "அப்புறம்?" என்றார் இவர். எனக்கும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், திரும்பிப் போய்விடலாமா என்றுகூட அந்த நிமிஷம் தோன்றியது.

வெயில் தாழ்ந்ததும் கடற்கரைக்குப் போனோம். கோட்டைக்கு வடக்கே, அலைக்கு மிக அருகில் மாசிலாமணி நாதர் கோயில். 1306ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அந்தக் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி, இன்னொரு பெயர் குலசேகரபட்டினம். கட்டியபோது கடல் எவ்வளவு தள்ளி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்று முன் பகுதி முழுக்கக் கடலோடு போய்விட்டது. பெரிய பெரிய பாறாங்கற்களைக் கொட்டி அலையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்தக் கருங்கல் குவியலுக்குள் செதுக்கு வேலை செய்த ஒரு கல்லைப் பார்த்தேன். கோயில் கல்லா, வேறெங்கிருந்தாவது வந்ததா, சொல்வாரில்லை. கூர்ந்து பார்ப்பதற்குள் ஒரு அலை வந்து மூடிவிட்டது.

இந்தக் கடற்கரையைப் பற்றி யாரைக் கேட்டாலும் "ஓசோன் காத்து மேடம், நல்லா இழுத்து விடுங்க" என்பார்கள். எனக்கு எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துப் பழக்கம், வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. ஓசோன் மேலே வானத்தில் இருந்தால்தான் நமக்கு நல்லது, மூக்குக்குள் போனால் நுரையீரலுக்குக் கெடுதல். கடலோரத்தில் வரும் அந்தத் தனி மணம் பாசியும் கடல் நுண்ணுயிர்களும் விடும் கந்தகச் சேர்மத்தால் வருவது. இதை ஒரு ஆட்டோக்காரத் தம்பியிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆனா நல்ல காத்துதானே மேடம்?" என்றார். நல்ல காற்றுதான்.

கோட்டைக்கு எதிரே தள்ளுவண்டியில் இளநீர். நான் இரண்டு கேட்டேன். "எனக்கு வேண்டாம்" என்றார் இவர்.

இது புதிதில்லை. சில வருஷமாகவே இவர் இளநீர் குடிப்பதில்லை. முன்பெல்லாம் இரண்டு மூன்று இறக்குவார். ஏன் என்று கேட்டால் சளி பிடிக்கும் என்பார், இனிப்பு என்பார். சர்க்கரை இருக்குமோ என்று பயந்து டெஸ்ட் எடுக்க வைத்தேன், நார்மல். அன்றைக்கும் கேட்டேன். "குடிக்கணும்னு தோணல" என்று சொல்லிவிட்டு அலைப் பக்கம் போய்விட்டார். வண்டிக்கார அம்மா என்னைப் பார்த்து, "சில பேருக்கு ஒத்துக்காதும்மா" என்றார், எனக்குச் சமாதானம் சொல்வது போல.

சனிக்கிழமை காலை கோட்டைக்குள் போனோம். டேன்ஸ்பர்க். 1620ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்குக் கோட்டை கட்டவும் மிளகு வாங்கவும் உரிமை கொடுத்தார். அந்தப் பக்கத்திலிருந்து பேச வந்தவர் ஓவே கியெட்டே என்ற கப்பல் படைத் தலைவர். நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்கத் தகட்டில் எழுதியனுப்பிய கடிதம் இன்னும் கோபன்ஹேகனில் இருக்கிறது. கோட்டை நாம் பாடப் புத்தகத்தில் பார்க்கும் கோட்டை மாதிரி பயமுறுத்தாது. மணல் நிறத்தில், இரண்டு தளமாக, யாரோ பெரிய வீட்டுக்காரர் கட்டிய பங்களா போல இருக்கும். மேலே கவர்னரும் பாதிரியாரும் இருந்த அறைகள். கீழே கிடங்கு, சமையற்கட்டு, பீரும் ஒயினும் வைத்த அறை, பக்கத்திலேயே சிறை. சுதந்திரத்துக்குப் பிறகும் 1978 வரை இதைப் பயணியர் விடுதியாகத்தான் வைத்திருந்தார்கள். "அப்பவே வந்திருந்தா கோட்டையிலயே தங்கியிருக்கலாம்" என்றார் இவர். 1978ல் இவருக்கு ஏறக்குறைய பன்னிரண்டு வயசு.

1845ல் டேனிஷ்காரர்கள் இந்த ஊரையும் வங்காளத்தில் செராம்பூரையும் சேர்த்துக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய். அதை நான் சொன்னதும் இவர் நின்றுவிட்டார். "ரெண்டு ஊரா? பன்னெண்டரைக்கா?" நாங்கள் திருவெறும்பூரில் வாங்கிய மனை ஞாபகம் வந்திருக்கும். அதற்குக் கடன் கட்டி முடிக்கவே பதினாலு வருஷம்.

கோட்டையின் சிறையில் நான்தான் அதிக நேரம் நின்றேன். சீகன்பால்கை இங்கேதான் நாலு மாதம் அடைத்து வைத்திருந்தார்கள். அடைத்தது வேறு யாருமில்லை, டேனிஷ் கவர்னரேதான். டென்மார்க் ராஜா அனுப்பிவைத்த பாதிரியாருக்கும் அதே ராஜா வைத்த கவர்னருக்கும் ஒத்துப்போகவில்லை. 1706 ஜூலை 9ம் தேதி இந்தக் கரையில் வந்து இறங்கிய ஜெர்மன்காரர். அவருக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. ஒரு வாத்தியாரைப் பிடித்து, அவருடைய திண்ணைப் பள்ளிக்கூடத்தைத் தன் வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் படித்திருக்கிறார். ஒன்றாம் வகுப்பில் வளர்ந்த ஆள் ஒருவர் சம்மணம் போட்டு "அ" எழுதுவதை நினைத்துப் பார்த்தேன். பக்கத்துப் பிள்ளை நிச்சயம் சிரித்திருக்கும். எங்களுக்கு ஸ்மார்ட் போர்டு பயிற்சி கொடுத்தபோது, என் மகன் வயசுப் பையன் சொல்லிக்கொடுக்க, எழுத்தை எழுதினால் அது எங்கோ போய் விழுந்து, நான் விழித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அப்படிப் படித்தவர்தான் 1715ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்து வெளியே கொண்டுவந்தார். அச்சு எழுத்து ஜெர்மனியில் ஹாலேயிலிருந்து வந்தது. காகிதம் போதாமல் பக்கத்துப் பொறையாரில் காகித ஆலையே போட்டார்கள். 1719ல் இறந்தபோது அவருக்கு 36 வயசு. இதையெல்லாம் நான் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போக, இவர் "அப்படியா?" என்றார். என்னுடைய அதே "அப்படியா". சிரித்துவிட்டேன். எதற்கு என்று இவருக்குப் புரியவில்லை.

அருங்காட்சியகத்தில் திமிங்கலத்தின் எலும்பு, குட்டிக் குட்டியாகப் பீரங்கிக் குண்டுகள், மண் பொம்மைகள், பழைய விளக்குகள். இவர் விளக்குகளின் முன்னால் நின்றார். எனக்குத் திமிங்கல எலும்பு போதும்.

மதியம் பொறையாரில் ஒரு மெஸ்ஸில் சங்கரா மீன் குழம்பு. வேறு எதைப் பற்றியும் இவ்வளவு நிச்சயமாகச் சொல்ல மாட்டேன், அந்தக் குழம்பு என் குழம்பைவிட நன்றாக இருந்தது. பரிமாறிய அம்மாவிடம் கேட்டேன். "மாங்கா போடுறோம், காலையில வச்ச கொழம்பு" என்றார். ரகசியம் இரண்டாவது பாதியில் இருக்கிறது.

அன்று ராத்திரிதான் கரண்ட் போனது.

பன்னிரண்டு மணி தாண்டியிருக்கும். ஃபேன் நின்றதும் விழித்துக்கொண்டேன், பக்கத்தில் இவர் ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்திருந்தார். "ஃபீடரே டிரிப் ஆயிருக்கு. தெருவுல ஒரு லைட் இல்ல பாரு." நான் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை, அதுதான் அவர் சொல்ல வந்தது. "உப்புதான். கடக்காத்துல இன்சுலேட்டர் மேல உப்பு படிஞ்சிரும். பகல்ல காஞ்சு கெடக்கும். ராத்திரி பனி எறங்கினா அது நனைஞ்சு கரண்ட் ஒழுக ஆரம்பிக்கும். மழ பேஞ்சா கழுவி விட்ரும், மாசியில மழக்கு எங்க போறது?" கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"எங்க போறீங்க? இது உங்க செக்‌ஷனா?"

"சும்மா பாத்துட்டு வரேன்."

சும்மா. நான் திண்ணையில் வந்து உட்கார்ந்தேன். தெரு முழுக்க இருட்டு. நட்சத்திரத்தை அவ்வளவு பார்த்து எத்தனை வருஷமாயிற்று. பகலில் எங்கோ தூரத்தில் கேட்ட கடல், விளக்கு அணைந்ததும் வாசலுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். உள்ளூர் வயர்மேன் ஒருவர் லைன் பார்த்துக்கொண்டு வந்தாராம், தனியாக. இவர் கூட நடந்து டார்ச் அடித்திருக்கிறார். எந்தக் கம்பம் என்று கண்டுபிடித்தாயிற்று, சரி பண்ண ஆள் வருகிறது, இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவராகத்தான் ஆரம்பித்தார். நான் எதுவும் கேட்கவில்லை.

"வேதாரண்யத்துலயும் இப்படித்தான் இருந்துச்சு. இதே இருட்டு. ஆனா மாசக் கணக்குல."

கஜா புயல். 2018 நவம்பர் 16 விடியற்காலை கரை கடந்தது. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. தமிழ்நாடு முழுக்க இருந்து ஆட்களை அனுப்பினார்கள், கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும்கூட வந்தார்கள். ஐப்பசி கார்த்திகை வந்தாலே இவர் பையில் ஒரு கைலி, துண்டு, பிரஷ் தயாராக இருக்கும். 2011 கடைசியில் 'தானே' புயலுக்குக் கடலூர் போனார், அதை வந்து கதை கதையாகச் சொன்னார். கஜாவுக்குப் போய் 34 நாள் கழித்து வந்தார். கை இரண்டும் காய்ப்பு, தோளில் தோல் உரிந்திருந்தது. "எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டேன். "இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். மாமியாருக்கு அந்த மாதம் காலில் அடி, எனக்கு அரையாண்டுத் தேர்வு. நானும் மறுபடி கேட்கவில்லை.

"ஒரு தென்னந்தோப்புக்கு நடுவுல லைன். லாரி உள்ள போகாது, வயல் பூரா சேறு. போஸ்ட்ட தோள்ல வச்சுத்தான் தூக்கிட்டுப் போனோம், பத்துப் பன்னெண்டு பேரு. ராத்திரி பள்ளிக்கூடத்துல படுப்போம். அந்தத் தோப்புக்கார ஐயா தெனமும் வருவாரு. எல்லா மரமும் வேரோட சாஞ்சு கெடக்கு, கொல கொலையா எளநி. தலகீழா இல்ல, படுத்த வாக்குல. ஏற வேண்டாம், நின்னவாக்குல வெட்டலாம். எங்களுக்கு ஆளுக்கு மூணு நாலு வெட்டித் தருவாரு. காசு குடுத்தா வாங்க மாட்டாரு."

"ம்."

"ஒரு நாள் நான் போதும் ஐயான்னேன். குடிங்க தம்பி, இதுதான் கடசி வெட்டுன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. அவரு அப்பா வச்ச மரமாம். இனிமே வச்சு அது காய்க்கறதுக்குள்ள தனக்கு என்ன வயசாகும்னு கணக்குப் போட்டாரு. நானும் கூட உக்காந்து கணக்குப் போட்டேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் நான் கொசுவை விரட்டிக்கொண்டிருந்தேன்.

"அந்தத் தெருவுக்கு சப்ளை குடுக்க இருபத்தஞ்சு நாள் ஆச்சு. அவர் வீட்டுக்கு சர்வீஸ் ஒயர் இழுக்க நானே போனேன். வீடு பூட்டியிருக்கு. குடும்பத்தோட திருப்பூருக்குப் போயிட்டாங்க, பனியன் கம்பெனி வேலைக்குன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. அறுபது வயசு, டீச்சர், அவருக்கு. பூட்டுன வீட்டுக்கு சர்வீஸ் குடுத்துட்டு, வாசல் பல்ப் எரியுதான்னு பாத்துட்டு, அமத்த முடியல, சுவிட்ச் உள்ள இருக்கு. எரியட்டும்னு வந்துட்டேன்."

தள்ளுவண்டி, இளநீர், சுகர் டெஸ்ட் எல்லாம் எனக்கு ஒன்றொன்றாகச் சேர்ந்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் டாக்டரிடம் கேட்டிருக்கிறேன், ஜோசியரிடம்கூட ஒருமுறை கேட்டிருக்கிறேன். இவரிடம் சரியாகக் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. அந்த வீட்டில் யாராவது ஒருவர் எப்போதும் அடுத்த அறையில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது? எளநி குடிச்சேன்னா?"

கரண்ட் வந்தது. தெருவில் ஏதோ ஒரு வீட்டில் யாரோ அணைக்காமல் விட்ட டிவி சத்தமாகப் பாட ஆரம்பித்தது. இவர் மணியைப் பார்த்தார். "ஒரு மணி நேரம்னு சொன்னேன், அம்பது நிமிஷத்துலயே குடுத்துட்டாங்க" என்றார். குரலில் ஒரு பெருமை. போய்ப் படுத்ததும் தூங்கிவிட்டார். நான் தூங்க வெகு நேரமாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குச் சூரிய உதயம். கரைக்குப் போனோம். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களோடு இவர் பேச்சுக் கொடுத்தார். 2004 சுனாமி இந்த ஊர் மீனவர் குப்பத்தை என்ன செய்தது என்று அவர்கள் சொல்லவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. அவர்கள் டீசல் விலையைப் பற்றிப் பேசினார்கள், இவர் பீஸ் கேரியர் பற்றிப் பேசினார். நான் காலை நனைத்துக்கொண்டு நின்றேன். ஒன்பது மணிவாக்கில் புதிய எருசலேம் ஆலயத்தில் ஆராதனை நடந்துகொண்டிருந்தது. 1718ல் கட்டியது, சீகன்பால்கு உள்ளே பலிபீடத்துக்கு முன்னால்தான் அடக்கமாகியிருக்கிறார். வெளியே நின்று பாட்டைக் கேட்டோம். முந்நூறு வருஷமாக அதே கூரைக்குக் கீழே தமிழ்.

தில்லையாடிக்கு ஆட்டோவில் போய் வள்ளியம்மை மண்டபத்தையும் பார்த்துவிட்டோம். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, காந்தியின் போராட்டத்தில் சிறை போய், 1914ல் பதினாறு வயதில் இறந்த பெண். இது அவளுடைய பெற்றோரின் ஊர்ப் பக்கம். அடுத்த வருஷம் காந்தி இங்கே தேடி வந்தார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக நாலு போட்டோ எடுத்தேன். இரண்டில் இவர் விரல் விழுந்திருக்கிறது.

பொறையார் பஸ் ஸ்டாண்டில் மயிலாடுதுறை பஸ்ஸுக்கு நின்றோம். வெயில் ஏறிவிட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை. இவராகவே எதிர்ப்பக்கம் நடந்து போய், இளநீர்க்காரரிடம் நின்று, ஒவ்வொரு காயாகத் தட்டிப் பார்த்து, ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஒன்றுதான். ஸ்ட்ரா வேண்டாம், டீச்சருக்கு அப்படியே குடித்தால்தான் பிடிக்கும் என்று அந்த ஆளிடம் சொல்வது எனக்குக் கேட்டது. குடித்து முடிக்கும்வரை என் பையையும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். பிறகு கூட்டை வாங்கிப் போய் இரண்டாக வெட்டச் சொல்லி, மட்டையைச் சீவி ஸ்பூன் போலச் செய்து, வழுக்கையைச் சுரண்டிக்கொண்டு வந்து நீட்டினார்.

"நீங்க?"

"நீ சாப்பிடு. பஸ் வருது."

நிஜமாகவே வந்துகொண்டிருந்தது. கையில் தேங்காய் மட்டையோடு முண்டியடித்து ஏறினேன். இவர் பின்படியில் ஏறி எனக்கும் சேர்த்து ஜன்னல் சீட் பிடித்துவிட்டார்.